சயாம் மரண இரயில்: பெயர் எழுதப்படாத நம்மவர்



ஆண்டு 4 வரலாற்றுப் பாடத்தில் தன்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் கற்கும் பகுதி ஒன்று உண்டு. தாத்தா, பாட்டி, அவர்தம் பெற்றோர் ஆகியோரின் பெயர்களையும் பிறந்த, மறைந்த ஆண்டுகளையும் வீட்டில் கேட்டு எழுதி வருமாறு பிள்ளைகளைப் பணிப்பது என் வழக்கம். அண்மையில் ஒரு மாணவி கொண்டு வந்த தாளின் மேல் வரிசையில் ஒரு பெயர் இருந்தது. அதன் கீழே பிறந்த ஆண்டு இல்லை. மறைந்த ஆண்டு எழுத வேண்டிய இடத்தில் 'சயாம்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது.

"டீச்சர், சயாம்னா செத்துட்டாருன்னு அர்த்தமா?" என்று அவள் கேட்டாள்.

எனக்கு உடனே மறுமொழி சொல்ல வரவில்லை. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. என் பாட்டியின் மூத்த அண்ணன் 1943 ஆம் ஆண்டு, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் திரும்பவில்லை. இறந்தார் என்று செய்தியும் வரவில்லை. இறந்த நாள் தெரியாததால் அவருக்குத் திதி கொடுக்க வழியில்லை. நாள் அறியாதவர்க்கு என்று பெரியவர்கள் வகுத்து வைத்த மகாளய அமாவாசையில் மட்டும் பாட்டி ஓர் இலை போடுவார். அண்ணன் மனைவியோ பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா என்று அறியாமலே சில ஆண்டுகள் வாழ்ந்தாராம்.

அந்த மாணவியின் கேள்விக்கு நான் கற்ற அளவில் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தோட்டத்திலிருந்து காட்டுக்கு

1941 டிசம்பர் 8 ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அம்மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போயிற்று. 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. தோட்டத் துரைமார்கள் முன்பே ஓடி விட்டனர். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்த இரப்பருக்குச் சந்தை இல்லாமற் போனது. பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்குக் கூலியும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. இன்று செம்பனைக் காடாகக் காட்சி தரும் நம் பேராக் மாநிலத் தோட்டங்களில் அன்று வாழ்ந்தவர்களின் நிலை இதுதான்.

பர்மாவில் இருந்த தன் படைகளுக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப ஜப்பானுக்குப் பாதை தேவைப்பட்டது. கடல்வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே, சயாமின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை, மலையையும் அடர்காட்டையும் ஊடுருவி, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை அமைக்க முடிவு செய்தனர். 1942 ஆம் ஆண்டின் நடுவில் பணி தொடங்கியது. 1943 அக்டோபர் 17 ஆம் நாள் இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்த்தா என்னுமிடத்தில் இணைந்தன. கனரக இயந்திரங்கள் செய்ய வேண்டிய வேலையை மனிதக் கைகளைக் கொண்டு இவ்வளவு விரைவாக முடித்தார்கள் என்றால், அந்தக் கைகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் சிறைப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படை வீரர்கள். அவர்கள் போதவில்லை. ஆகவே 1943 இல் மலாயாத் தோட்டங்களின் பக்கம் கண் திரும்பியது. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, உணவும் இருப்பிடமும் இலவசம் என்று அறிவித்தார்கள். பசியில் இருந்தவர்கள் நம்பினார்கள். குடும்பத்தோடு, கைக்குழந்தைகளோடு புறப்பட்டவர்களும் உண்டு. போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி பரவியபின் எவரும் முன்வரவில்லை. அதன்பின் வலுக்கட்டாயம் தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்கப்பட்டது. கிராணிமார்கள் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டியதாயிற்று. கள்ளுக்கடையிலும் சாலையிலும் ஆள் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவை அடைத்து, லாரியில் ஏற்றிய கதைகளை அக்காலத்து மக்கள் பலர் சொல்லியுள்ளனர். 'பெரட்டுக் களத்தில் நின்றவரை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள், வேட்டியைக்கூட மாற்ற விடவில்லை' என்பார் என் பாட்டி.

இருவகைச் சாவு

1943 ஆம் ஆண்டு மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. வேலையை விரைந்து முடிக்குமாறு தோக்கியோவிலிருந்து நெருக்கடி. இரவும் பகலும் வேலை வாங்கப்பட்ட அந்த மாதங்களில்தான் வாந்திபேதி புகுந்தது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஏற்கெனவே இருந்தன. கால் புண்கள் அழுகின.

போர்க் கைதிகளும் கொடுமையாகவே நடத்தப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 60,000 பேர் அங்கே வேலை செய்தனர்; 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. எனினும் அவர்களிடம் இராணுவக் கட்டமைப்பு இருந்தது. தங்களுக்கென அதிகாரிகள் இருந்தனர். மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், கழிவுக் குழியை முகாமிலிருந்து தள்ளித் தோண்ட வேண்டும் என்று கட்டளையிட்டுக் காப்பவர்கள் இருந்தனர். நம் மக்களுக்கு அவர்களுள் எவரும் இல்லை. தோட்டத்தில் மண்டோர் சொன்னதைக் கேட்டுப் பழகியவர்கள், பெயர் தெரியாத காட்டில், மொழி தெரியாத காவலரிடம் அடிபட்டார்கள். 1943 ஜூன் மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் சிறைப்பட்டிருந்த நேசப்படை மருத்துவக் குழுக்கள் இரண்டு ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. அதற்குள் பல முகாம்களில் நிலைமை கைமீறி விட்டிருந்தது.

மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 75,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் பெரும்பான்மையினர் தமிழர். மலாய்க்காரரும் சீனரும் இருந்தனர். பர்மியரும் சாவகரும் இன்னும் பல்லாயிரவர். எல்லா ஆசியத் தொழிலாளரையும் சேர்த்து ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. இறந்த போர்க் கைதிகளைப்போல் ஏழு மடங்கு. போருக்குப் பின் வெளியான கணக்கொன்றில் மலாயாத் தொழிலாளருள் 29,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும், ஏறத்தாழ 24,000 பேர் 'ஓடிப்போனவர்கள்' என்றும் காணப்படுகிறது. எங்கே ஓடினார்கள்? நூற்றுக்கணக்கான மைல் காடு. ஓடிப்போனவர்களுள் எத்தனை பேர் உயிரோடு ஊர் சேர்ந்தார்கள் என்று எவரும் பின்தொடர்ந்து எழுதவில்லை. ஆகவே மெய்யான சாவுக் கணக்கு இன்னும் மிகுதி என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். என் பாட்டியின் அண்ணன் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இறந்தவரா, ஓடிப்போனவரா?

கல்லும் கணக்கும்

போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945 செப்டம்பரில், நேச நாடுகளின் கல்லறைத் தேடும் குழு ஒன்று அப்பாதை நெடுகிலும் சென்றது. 144 புதைகாடுகளில் 10,549 கல்லறைகளை அக்குழு கண்டறிந்தது. அந்த வீரர்களின் உடல்கள் எடுக்கப்பட்டு, காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசாயாட் ஆகிய மூன்று இடங்களில் முறையாக அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. புல் வெட்டப்பட்டு, பூச்செடி வைத்து, இன்றளவும் பேணப்படுகின்றன.

இத்தகைய இடத்தைப் பார்க்க நாம் தாய்லாந்து செல்ல வேண்டியதில்லை. நம் மாநிலத்தின் தைப்பிங் நகரில், புக்கிட் லாருட் அடிவாரத்தில், போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே எண்ணூறுக்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். அவர்களுள் பலர் அடையாளம் காணப்படாதவர்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஒரு மனிதன் இங்கே கிடக்கிறான் என்று அந்தக் கல் சொல்கிறது. மாணவர்களுடன் அங்கே நின்றபோது, பெயரில்லாதவருக்கும் கல் நடும் பண்பு உலகுக்கு இருக்கவே செய்கிறது என்று உணர்ந்தேன். எவருக்கு நடுவது என்பதில்தான் வேறுபாடு.

ஆசியத் தொழிலாளரின் உடல்களைத் தேடி அப்படி ஒரு குழு செல்லவில்லை. வாந்திபேதியில் இறந்தவர்கள் ஒரே குழியில் கொட்டப்பட்டனர்; பலர் எரிக்கப்பட்டனர்; ஆற்றில் எறியப்பட்டவர்களும் உண்டு. இதில் கசப்பான செய்தி ஒன்று. அவர்களையும் சேர்த்து முதன்முதலில் நினைவுச் சின்னம் எழுப்பியது ஜப்பானியப் படையே. 1944 இல் காஞ்சனபுரிப் பாலத்தின் அருகே அது கட்டிய சின்னத்தில் தமிழ் எழுத்துகளும் உண்டு. கொன்றவர்கள் வைத்த கல்லில் தமிழ் இருந்தது. வென்றவர்கள் வைத்த கற்களில் அந்தத் தொழிலாளிக்கு இடமில்லை.

அந்த இரயில் பாதைக்கு விலையும் கிடைத்தது. 1946 அக்டோபரில் சயாம் எல்லைக்குள் இருந்த பகுதி அந்நாட்டு அரசுக்கே 12,50,000 பவுனுக்கு விற்கப்பட்டது. பாதை அமைப்பதற்காக ஜப்பானியர் அண்டை நாடுகளிலிருந்து பெயர்த்துச் சென்ற பொருள்களுக்கு ஈடுகட்ட அப்பணம் பயன்பட்டது. நம் நாட்டுக் கிழக்குக்கரை இரயில் பாதையின் தண்டவாளங்களும் அப்படிப் பெயர்க்கப்பட்டவையே. தண்டவாளத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள். அதைச் சுமந்தவனுக்கு எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

உலகம் ஏன் கேட்கவில்லை?

இந்தப் பாராமுகத்துக்குக் காரணங்கள் உண்டு. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் கடமை.

முதலாவது, சட்டம். அந்நாளில் நடைமுறையில் இருந்த 1929 ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கை போர்க் கைதிகளைப் பற்றியது. போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் தனி உடன்படிக்கை 1949 இல்தான் வந்தது. படைவீரனுக்கு ஏட்டளவிலாவது உரிமை இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. போருக்குப் பின் சிங்கப்பூரில் நடைபெற்ற போர்க்குற்ற விசாரணைகளில், அப்பாதையைப் பற்றிய வழக்குகள் பெரும்பாலும் போர்க் கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையே பேசின.

இரண்டாவது, கேட்பதற்கு ஓர் அரசு இல்லை. தமிழ்த் தொழிலாளி பிரிட்டிஷ் குடைக்கீழ் வாழ்ந்தவன். பிரிட்டனின் குடிமகன் என்று எவரும் அவனைக் கருதவில்லை. இந்தியா 1947 வரை அடிமை நாடு. மலாயா 1957 வரை அடிமை நாடு. 1951 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை முன்னாள் போர்க் கைதிகளுக்கு இழப்பீடு வழங்க ஒரு விதியைச் சேர்த்தது. 2000 ஆம் ஆண்டில் பிரிட்டன், உயிரோடிருந்த தன் முன்னாள் கைதிகள் ஒவ்வொருவருக்கும் 10,000 பவுன் வழங்க முன்வந்தது. நம் நாட்டுக்கும் ஜப்பானுக்கும் 1967 செப்டம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்பில் நமக்குக் கிடைத்தவை இரண்டு கப்பல்கள். லயத்தில் காத்திருந்த கைம்பெண்ணுக்குக் கப்பலால் என்ன பயன்? 1982 இல் கிழக்கு நோக்கும் கொள்கை வந்தபின் ஜப்பான் நாம் பின்பற்ற வேண்டிய நாடாயிற்று. பழைய கணக்கை எடுப்பது எவருக்கும் உகந்ததாக இல்லை.

மூன்றாவது, எழுத்து. போர்க் கைதிகள் மறைத்து வைத்து நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர், திரும்பியபின் நூல்கள் எழுதினர். 1957 இல் குவாய் ஆற்றுப் பாலம் திரைப்படமாகி ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. உலகம் அப்பாதையை அந்தப் படத்தின் வழியே அறிந்துகொண்டது. நம் தொழிலாளியின் துயரம் அதில் கதையாகவில்லை. நம்மவருள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிர் தப்பி வந்தவர்கள் பேசவும் விரும்பவில்லை. பல ஆண்டுகள் கழித்தே ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலையும் எழுதி அக்குறையை ஓரளவு போக்கினர். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம்.

சுருங்கச் சொன்னால், உலகம் இரக்கமற்றது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கேட்க ஓர் அரசும், காட்ட ஒரு பட்டியலும், சொல்ல ஒரு நூலும் உடையவர்க்கு அது செவி சாய்த்தது. இம்மூன்றும் இல்லாதவர் கேட்பாரற்றுப் போயினர்.

இன்றும் காத்திருப்போர்

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. நாள் தெரியாத சாவு இன்றும் தொடர்கிறது.

பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாநிலத்தில், படையினர் கொண்டு சென்றதாகச் சொல்லப்படும் மகனையும் கணவனையும் தேடி, பலூச்சிப் பெண்கள் 2023 ஆம் ஆண்டின் இறுதியில் துர்பத் நகரிலிருந்து தலைநகர் இஸ்லாமாபாத் வரை பேரணி சென்றனர். கையில் நிழற்படம், மறுமொழி இல்லை. உலகச் செய்திகளில் அது ஒரு மூலையில் வந்து மறைந்தது. இலங்கையின் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 ஆம் நாள் சாலையோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். விடை கிடைக்காமலே அவர்களுள் பலர் இறந்தும் போயினர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த சில நாள்களில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளுடன் நிறைவேறியது. ஆதரித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. நம் மலேசியாவும் ஒன்று. அந்தப் போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு கூறியது 2011 இல்தான்.

இம்மூன்று துயரங்களும் ஒரே தன்மையன அல்ல. காலம் வேறு, அரசியல் வேறு. ஆயினும் பொட்டை அழிப்பதா வேண்டாவா என்று தவித்த அந்தப் பெண்ணுக்கும், கிளிநொச்சியில் படத்தை ஏந்தி அமர்ந்த தாய்க்கும், துர்பத்திலிருந்து நடந்த மகளுக்கும் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றே. அவர் இருக்கிறாரா, இல்லையா?

நாம் செய்யத்தக்கது

அண்மைக் காலத்தில் சில நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. 2023 ஆம் ஆண்டு காஞ்சனபுரியில், ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில், மரண இரயில் பாதையில் மாண்ட தமிழர்க்கு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டு கழித்தாவது நம் மரபுப்படி ஒரு கல் எழுந்தது. ஆனால் அக்கல்லில் பொறிக்க நம்மிடம் எத்தனை பெயர்கள் உள்ளன?

இங்கேதான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை 'பாட்டியின் அண்ணன்' என்றே எழுதி வந்தேன், பெயரை எழுதவில்லை. ஏனெனில் அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர் என் பாட்டி. அவர் வாயிலிருந்து நான் கேட்டதெல்லாம் 'பெரியண்ணன்' என்ற சொல் மட்டுமே. மகாளய அமாவாசை தோறும் இலை போடுவதைப் பார்த்திருந்தும், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் வரலாறு கற்பிக்கும் முறைகளைப் பயின்றிருந்தும், ஒருநாளாவது 'பாட்டி, அவர் பெயர் என்ன?' என்று நான் கேட்கவில்லை. பாட்டி மறைந்த பிறகு அறிந்தவர் எவரும் இல்லை. உலகம் கேட்கவில்லை என்று குறை கூறும் நான், என் வீட்டுக் கூடத்திலேயே கேட்கத் தவறினேன்.

ஆகவே பெற்றோர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே. உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால், சயாமுக்குப் போனவர்கள் நம் குடும்பத்தில் உண்டா என்று கேளுங்கள். பெயர், எந்தத் தோட்டம், யாருடன் போனார், திரும்பினாரா என்பவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிந்து வையுங்கள். ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகள் கொண்டு வரும் குடும்ப அட்டவணையில் வெற்றிடம் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த வெற்றிடம் ஏன் வந்தது என்று கேளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கே வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்து போன இக்காலத்தில், நம் மக்களின் கடைசி ஆவணக் காப்பகம் பத்து வயதுப் பிள்ளையின் பயிற்சித் தாளாகவும் இருக்கலாம்.

அந்த மாணவிக்கு மறுநாள் விடை சொன்னேன். சயாம் ஒரு நாட்டின் பழைய பெயர் என்றும், அங்கே போன நம்மவருக்கு என்ன நடந்தது என்றும், அவள் வயதுக்கு ஏற்ற அளவில் விளக்கினேன். 'சயாம்' என்ற சொல்லை அழித்துவிட வேண்டுமா என்று கேட்டாள். வேண்டா என்றேன். அதன் பக்கத்தில் 1943 என்று எழுதச் சொன்னேன். அவள் தாளில் ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்திருக்குமாறு அவள் தாயாரிடமும் சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை என் வீட்டு அட்டவணையையும் எடுத்து எழுதினேன். பாட்டியின் பெயருக்கு மேலே ஒரு கட்டம் வரைந்தேன். பெயர் இல்லாமல் விட மனம் வரவில்லை. 'பெரியண்ணன், சயாம், 1943' என்று எழுதி வைத்தேன்.